கல்லூரி அறிவியல் கட்டடம்: கேள்வி பதில்

கல்லூரி ஆய்வகங்களில் காற்றோட்டம், மின்சாரம் பார்க்கும் பொறியாளன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மதுரை, கட்டடக் குழு உறுப்பினர்: மூன்று மாடி அறிவியல் கட்டடம். மொட்டை மாடி முழுக்க சோலார் போட்டால் போதுமா?

சோலார் கடைசி வேலை. முதலில் வேதியியல் ஆய்வகத்தில் ஃபியூம் ஹூட், அதாவது விஷப் புகையை விசிறியால் இழுத்து வெளியே தள்ளும் கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி, எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டர் திறப்பு, காற்று உள்ளே போகும் வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்றால், ஒரு ஹூட் மட்டும் மணிக்கு 1,350 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும். அறைக்கு ஏசி இருந்தால் குளிர்ந்த காற்று அத்தனையும் கூரைக்கு மேலே போகிறது. சோலார் தருவது கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். அதனால் ஹூட்டுகளை ஏசி இல்லாத ஒரே அறையில் சேருங்கள். தராசு, கருவிகளுக்கு மட்டும் சின்ன ஏசி அறை. ஹூட்டின் கண்ணாடிக் கதவை இறக்கினால் அதன் விசிறியும் வேகம் குறையும்படி செய்யுங்கள்.

திருச்சி, வேதியியல் ஆசிரியர்: பெரிய ஜன்னல் இருந்தால் ஹூட் எதற்கு? நாங்கள் படித்த காலத்தில் ஜன்னலும் ஃபேனும்தான்.

இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஜன்னல் காற்று புகையை மாணவர்களின் முகத்தைத் தாண்டித்தான் கொண்டுபோகும். நீங்கள் படித்த காலத்தில் உப்புப் பகுப்பாய்வுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு விட்டிருப்பீர்கள். அளவு கூடினால் அது மோப்பத்தையே மழுங்கடிக்கும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து.

அவரே: மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் நாற்பது பேர் நிற்க முடியுமா?

நியாயமான கேள்வி. ஃபேன் வேண்டும், ஆனால் மேசைகளுக்கு மேலே மட்டும். ஹூட்டின் முன்னால் குறுக்கே காற்றடித்தால் உள்ளே போன புகை திரும்பி வரும். வாசலுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி ஹூட்டை வையுங்கள். எரியும் திரவம் எதுவும் அறையில் இல்லாத நாளில், ஹூட்டின் வாயில் ஊதுபத்தி பிடித்துப் பாருங்கள்.

கோவை, கட்டடக்கலை மாணவி: வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு தேவையில்லைதானே?

தேவை. ஜூனில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். சின்ன சன்ஷேடும், காலை மாலை வெயிலுக்குப் பக்கவாட்டுத் தடுப்பும் போதும்.

சேலம்: தண்ணீர்ச் செலவைக் குறைக்க?

ஆய்வகத்தில் ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்ணாடிக் குழாய், கண்டென்ஸர்தான் பெரிய ஓட்டை. குழாய்த் தண்ணீர் மணிக்கணக்கில் நேராக சாக்கடைக்குப் போகிறது. ஒரு தொட்டியும் சின்ன பம்பும் வைத்து அதே தண்ணீரைச் சுற்றவிடுங்கள்.

ஈரோடு: எத்தனை கிலோவாட் சோலார் போடலாம்?

முதல் பதிலைப் பாருங்கள். ஹூட் எத்தனை?

கரூர்: முகப்பு முழுக்கக் கண்ணாடி?

வேண்டாம்.

நெல்லை: பசுமைக் கட்டடத்துக்குத் தரும் கிரிஹா சான்றிதழ்?

அதற்கென்று இருக்கும் ஆலோசகரைக் கேளுங்கள்.

தஞ்சாவூர்: சோலாரா, ஏசியா, எதை முதலில்?

மூன்றாவது முறை சொல்கிறேன்: ஹூட்.

திருச்சி ஆசிரியர்: ஊதுபத்தி பிடித்தேன். புகை வெளியேதான் வருகிறது.

ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி பிடியுங்கள். அப்போதும் வந்தால் ஹூட்டின் புகைக் குழாயில் அடைப்பு இருக்கலாம். இல்லை, மூன்று ஃபேஸ் மோட்டாரில் வயர் மாறி ஹூட்டின் விசிறி தலைகீழாகச் சுற்றலாம். அப்படிச் சுற்றினாலும் கொஞ்சம் இழுக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எலக்ட்ரீஷியனை இன்றைக்கே கூப்பிடுங்கள் ஐயா, அதுவரை அங்கே செய்முறை வகுப்பு வேண்டாம்.