கப்பல் கட்டப் படிப்பதா, கப்பலுக்குப் போகப் படிப்பதா? முகவரிடம் காசு கட்டுமுன் பாருங்கள்

கேள்வி: தம்பி இந்த முறை உயர்தரம் கணிதப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் பொறியியல் பீடத்துக்கு இசட் புள்ளி காணாது. யாழ்ப்பாணத்தில் ஒரு முகவர், ரஷ்யாவில் பீற்றர்ஸ்பேர்க்கில் கப்பலுக்கென்றே ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஐந்து வருடம் படித்தால் கப்பல் எஞ்சினியராகி டொலரில் உழைக்கலாம் என்கிறார். இடத்தை உறுதிப்படுத்த முற்பணம் கேட்கிறார். அப்பா தன்னுடைய பைபர் போட்டையும் எஞ்சினையும் விற்க யோசிக்கிறார். அந்தப் பல்கலைக்கழகம் உண்மையானதா, நம்பி அனுப்பலாமா? (ஒரு அக்கா, வல்வெட்டித்துறை)

பதில்:

தங்கச்சி, போட்டை விற்கிற கதையை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள் அப்பாவிடம். கீழே சொல்கிறவற்றை விசாரித்து முடிக்கக் கொஞ்ச நாள் பிடிக்கும், அதற்குள் தம்பிக்கு ஒன்றும் பறிபோய்விடாது. இன்றைக்கே கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று முகவர் அவசரப்படுத்தினால் அதுவே சந்தேகப்படப் போதுமான காரணம்.

பல்கலைக்கழகம் உண்மையானதுதான். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சென் பீற்றர்ஸ்பேர்க் அரச கடல்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அந்த நகரத்துப் பொலிடெக்னிக்கில் 1902ல் தொடங்கிய கப்பற்கட்டுப் பிரிவுதான் அதற்கு வேர். 1930ல் அது லெனின்கிராட் கப்பல்கட்டு நிறுவகம் என்று தனியாக வந்தது, பல்கலைக்கழகம் என்ற பெயர் பிறகு கிடைத்தது. கப்பல் வடிவமைப்பையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. அந்த வகையில் நல்ல பெயருள்ள இடம்.

சிக்கல் முகவர் சொன்ன மற்றப் பாதியில் இருக்கிறது. கப்பல் கட்டப் படித்தவர் வேறு, கப்பலில் எஞ்சின் ஓட்டுகிறவர் வேறு. நம் ஊரில் இரண்டு பேரையும் ‘கப்பல் எஞ்சினியர்’ என்றுதான் சொல்கிறோம், அந்த ஒற்றைச் சொல்லை வைத்துத்தான் கனபேர் ஏமாறுகிறார்கள்.

கப்பற்கட்டுப் பொறியியலில் என்ன நடக்கிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். அப்பாவின் போட்டில் வலை முழுவதையும் ஒரு பக்கம் ஏற்றினால் போட் சாயும், இல்லையா? எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு சாய்கிறது என்பதை அளந்தால் அந்தக் கலத்தின் புவியீர்ப்பு மையம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு எடுக்கலாம். புதுக் கப்பலிலும் இதைத்தான் செய்கிறார்கள். காற்றில்லாத காலையில், கட்டிய கயிறுகளைத் தளர்த்திவிட்டு, எடை தெரிந்த இரும்புக் கட்டிகளைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு நகர்த்துவார்கள். உள்ளே நீளமான கம்பியில் ஒரு குண்டு தொங்கும், அது ஆடிக்கொண்டே இருக்கக்கூடாது என்பதற்காகக் குண்டை எண்ணெய்த் தொட்டிக்குள் அமிழ்த்தி வைத்திருப்பார்கள். கம்பி எத்தனை மில்லிமீற்றர் விலகியது என்று பக்கத்தில் வைத்த அளவுகோலில் பென்சிலால் கோடு போட்டுக் குறிப்பார்கள். அந்த விலகலை வைத்துத்தான் கப்பலின் நிலைப்புத்தன்மைக் கணக்கைப் போடுகிறார்கள். அது சரியாக வராமல் கப்பலைக் கடலுக்கு விடமாட்டார்கள். இதோடு உடலின் வடிவம், நீரின் தடை, சுழலியின் அளவு, உருக்குத் தகட்டின் தடிப்பு, வெல்டிங்கில் ஒட்டும்போது தகடு முறுகுவது என்று படிப்பு போய்க்கொண்டே இருக்கும். முடித்தவர்களுக்கு வடிவமைப்பு அலுவலகம், கப்பல்கட்டுத் தளம், கப்பல்களைப் பரிசோதித்துத் தரச்சான்று தரும் நிறுவனங்கள் என்று தரையில்தான் பெரும்பாலும் வேலை.

கப்பலுக்குப் போகிற எஞ்சினியரின் வாழ்க்கை வேறு. எஞ்சின் அறையின் வெக்கையில் காவல் நேரம் பார்க்கவேண்டும் (முறை வைத்து எஞ்சினைக் கண்காணிப்பதைத்தான் காவல் என்கிறோம்), எரிபொருளைச் சுத்திகரிக்கிற இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டவேண்டும், நடுச்சாமத்தில் ஜெனரேற்றர் நின்றால் எழும்பி ஓடவேண்டும், மாதக்கணக்கில் வீடு இல்லை. டொலர் சம்பளம் என்று முகவர் சொல்வது இந்த வேலையை மனதில் வைத்துத்தான்.

இந்த வேலைக்குப் பட்டம் மட்டும் போதாது. தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதைக் கொடுப்பது ஒரு நாட்டின் கப்பற்றுறை அதிகாரசபை, பல்கலைக்கழகம் கொடுப்பதில்லை. 1978ல் வந்து 1995லும் 2010லும் பெரிதாகத் திருத்தப்பட்ட எஸ்ரிசிடபிள்யூ (STCW) என்ற, கடலோடிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் தரம் வகுக்கிற சர்வதேச ஒப்பந்தம்தான் இதற்கு அடிப்படை. 750 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின் பூட்டிய கப்பலில் காவல் எஞ்சினியராக இருக்க, அங்கீகரித்த பயிற்சித் திட்டத்தின் பகுதியாகப் பட்டறைப் பயிற்சியும் கடற்சேவையும் சேர்த்துக் குறைந்தது 12 மாதம் வேண்டும், அதில் ஆறு மாதமாவது எஞ்சின் அறையில் காவல் பார்த்ததற்குப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து இருக்கவேண்டும். அந்தத் திட்டத்துக்கு வெளியில் போனால் 36 மாதம், அதில் 30 மாதம் கடலில். ஐந்து வருடம் வகுப்பில் இருந்து படித்துவிட்டு, கடற்சேவை ஒரு நாள்கூட இல்லாமல் வந்து நின்றால் எந்தக் கொம்பனியும் அவரை அதிகாரியாக ஏற்றாது.

அப்படியானால் முகவர் எந்தப் படிப்புக்கு அனுப்பப் பார்க்கிறார்? இதைக் கண்டுபிடிப்பது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். ரஷ்யாவில் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு எண் இருக்கிறது. அனுமதிக் கடிதத்தில் 26.03.02 என்று இருந்தால் அது கப்பல்கட்டும் சமுத்திரத் தொழில்நுட்பமும், நான்கு வருட இளநிலைப் பட்டம். 26.05.06 என்று இருந்தால் கப்பல் எஞ்சின்களை இயக்குகிற படிப்பு, அதுதான் கப்பலுக்குப் போகிறவர்களுக்கானது. ஐந்து வருடமோ அதற்குச் சற்றுக் கூடவோ பிடிக்கும். ரஷ்ய மொழியில் படிப்பதானால் இரண்டுக்கும் முன்னால் மொழி படிக்க ஒரு வருடம். ஐந்து வருடம் என்று முகவர் சொல்வது, ஒரு வருட மொழியும் நான்கு வருட இளநிலைப் பட்டமுமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று எனக்குப் படுகிறது. அதாவது கப்பல் கட்டுகிற படிப்பு. கடிதத்தின் பிரதியைக் கேளுங்கள், எண்ணைப் பாருங்கள். தரமாட்டேன் என்றால் கதையை அங்கேயே முடித்துவிடலாம்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. அதே பீற்றர்ஸ்பேர்க்கில் அட்மிரல் மக்காரவ் பெயரில் கடல், உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக்கான இன்னொரு பல்கலைக்கழகம் உண்டு, கப்பலுக்குப் போகிறவர்களைத் தயார்செய்வது அதுதான். உக்ரைனின் மிக்கலாயிவ் நகரத்திலும் அதே மக்காரவ் பெயரில் கப்பல்கட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அது 2022 யூலையில் ஏவுகணை விழுந்த இடம். மூன்றும் வேறு வேறு. கடிதத்தில் முழுப் பெயரையும் ஊரையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

26.05.06 தான் என்று உறுதியானாலும் கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்துக்கு எழுதி, இந்தப் படிப்பையும் அங்கே செய்யும் கடற்சேவையையும் நம் நாட்டுத் தகுதிச் சான்றிதழ்ப் பரீட்சைக்கு ஏற்றுக்கொள்வார்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். கப்பல் கட்டுகிற படிப்பு என்றால் விசாரிக்கவேண்டிய இடங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் இலங்கை பொறியியலாளர் நிறுவகமும். இங்கே எஞ்சினியராக வேலை செய்ய 2017ன் பொறியியல் பேரவைச் சட்டப்படி பதிவு வேண்டும்.

ரஷ்ய அரசு வெளிநாட்டு மாணவருக்குப் புலமைப்பரிசில் இடங்கள் தருகிறது, கொழும்பிலுள்ள ரஷ்யக் கலாசார நிலையமான ரஷ்ய இல்லத்தில் நேரே விசாரிக்கலாம். படிப்புக் கட்டணம் இல்லை, விமானச் செலவும் சாப்பாடும் நம் கணக்கு. இலவசமாகக் கிடைக்கக்கூடிய இடத்துக்கே சில முகவர்கள் லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அங்கே போர் நடக்கிறது. வேலை என்று கூட்டிக்கொண்டு போய் ரஷ்யப் படையில் சேர்த்துவிட்டார்கள் என்று இலங்கைக் குடும்பங்கள் 2024ல் அழுததை எல்லாரும் செய்தியில் பார்த்தோம், நம் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு நேராகப் போகிற மாணவர் கதை வேறு என்பது உண்மை. ஆனால் மாணவர் விசா இல்லாமல் வேறு விசாவில் ஏற்றுகிறேன், போய் மாற்றலாம் என்று முகவர் சொன்னால் அனுப்பவே அனுப்பாதீர்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள எந்தத் தாளிலும் தம்பி கையெழுத்து வைக்கக்கூடாது.

கிட்டவே வேறு வழிகளும் இருக்கின்றன. கப்பலுக்குப் போவதுதான் ஆசை என்றால் கொழும்பு மட்டக்குளியிலுள்ள சமுத்திரப் பல்கலைக்கழகத்தையும் மாலபேயிலுள்ள சினெக் என்ற தனியார் கல்வி நிறுவனத்தையும் விசாரியுங்கள். கட்டுமானம் என்றால் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கப்பற்கட்டுப் படிப்பு நெடுங்காலமாக நடக்கிறது, சென்னை ஐஐடியிலும் இருக்கிறது. இந்தியப் புலமைப்பரிசில் பற்றி யாழ்ப்பாணத்துத் துணைத் தூதரகத்தில் கேட்கலாம். கையில் காசு குறைவு, சீக்கிரம் உழைக்கவேண்டும் என்றால் உருக்கு ஒட்டுத் தொழிலை (வெல்டிங்) என்விகியூ என்ற தேசிய தொழில் தகைமையோடு படித்துக் கப்பல் திருத்தும் தளத்தில் சேர்வதும் மரியாதையான வழி. பட்டதாரியானாலும் ஒட்டு எப்படிப் பிடிக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் தளத்தில் மதிப்பு.

என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். தம்பிக்குக் கணக்கிலும் வரைவதிலும் விருப்பம் இருந்தால் கப்பல் கட்டுகிற படிப்பை ‘கப்பலுக்குப் போக ஏலாதாமே’ என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் ஊர் ஓடாவிமார், அதாவது கப்பல் கட்டும் தச்சர்கள், கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற கப்பல் 1938ல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை பாய்மரத்தில் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு இந்தக் கரையில் ஓடுகிற பைபர் போட்டுகளில் கனக்க, இருக்கிற அச்சிலிருந்து வார்த்து எடுத்தவைதான். அதற்கு மேலே பெரிய எஞ்சின், ஐஸ் பெட்டி, இன்னும் வலை என்று ஏற்றும்போது அது எங்கே கவிழும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்குத் தெரிந்த நாலு பேர் வடக்கில் இருந்தால் கடலுக்குப் போகிற எத்தனை வீடுகள் நிம்மதியாகத் தூங்கும். ஆனால் அது தம்பி தெரிந்து எடுக்கிற முடிவாக இருக்கவேண்டும், முகவர் மாற்றிவிட்டதாக இருக்கக்கூடாது.

ஆகவே இந்தக் கிழமை இரண்டு வேலை. ஒன்று, அனுமதிக் கடிதத்தின் பிரதியை வாங்கி எண்ணைப் பார்ப்பது. மற்றது, தம்பியைக் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய் நிறப் பார்வையைப் பரிசோதிப்பது. எஞ்சின் பகுதிக்கும் அந்தப் பரிசோதனை உண்டு. சிவப்பும் பச்சையும் குழம்புகிற பார்வை என்றால் கப்பலுக்குப் போகிற வழி மூடிவிடலாம், அதைக் காசு கட்டிய பிறகு தெரிந்துகொண்டு பயனில்லை. எண் என்ன என்று எழுதுங்கள், மிச்சத்தைச் சொல்கிறேன்.