மலையில் ஏறியது, கடலில் ஏன் இறங்கியது?

அன்புள்ள அண்ணா,

தம்பி துருக்கியில் ஓலுடெனிஸ் போய், கடலோரத்து பாபாடாக் மலையிலிருந்து பைலட் ஒருவரோடு பாராகிளைடர் என்ற துணிச் சிறகில் தொங்கியபடி பறந்து வந்தான். மத்தியானம் மலைச்சரிவுக்கு மேல் அது தானாகவே மேலே ஏறியதாம். கடலுக்கு மேல் வந்ததும் குலுக்கமே இல்லாமல் இறங்கிக்கொண்டே இருந்ததாம். "வெயில் கடலிலும்தானே அடிக்குது?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை.

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

தம்பி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது கொஞ்சம்தான். அது நிலத்தைச் சூடாக்கும். நிலம் தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்கும். கடலில் விழும் வெயில் ஆழத்தில் இறங்கிப் பரவிவிடுகிறது, அலையும் அதைக் கலக்கிவிடுகிறது. பகல் முழுக்க எரித்தாலும் நீர் அவ்வளவாகச் சூடேறாது. பாறையில் மத்தியானம் கால் வைக்க முடியாது. அதை ஒட்டிய காற்று விரிந்து லேசாகி, சரிவிலிருந்து கழன்று எழும்பும். அதுதான் தெர்மல்.

ஏறும் காற்று 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பாகை குளிரும். சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை ஏறிக்கொண்டே போகும். பாராகிளைடரோ அமைதியான காற்றில் வினாடிக்கு 1 மீட்டர் அளவில் இறங்கும். தெர்மல் 3 மீட்டர் வேகத்தில் ஏறினால், ஆள் 2 மீட்டர் வேகத்தில் மேலே போவார். அதைவிட்டு விலகினால் அக்கம்பக்கத்தில் இறங்கும் காற்றுதான். அதனால்தான் உள்ளேயே வட்டமடிக்கிறார்கள்.

இதைக் கொழும்பிலேயே பார்க்கலாம். வெயில் நாளில் மத்தியானம் புறக்கோட்டையில் நின்று அண்ணாந்து பாருங்கள். தகரக் கூரைகளுக்கு மேல் செம்பருந்து ஒருமுறைகூடச் சிறகடிக்காமல் வட்டம் வட்டமாக ஏறும். பின்னேரம் காலிமுகத்திடலுக்கு வந்தால், அதே சாதிப் பருந்து கடலைப் பார்த்தபடி, உயரமான கட்டிடத்துக்கு முன்னால் ஒரே இடத்தில் தொங்கும். வால் மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பும். கையிலிருக்கும் இறால் வடை ஆறும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அங்கே அதைத் தூக்குவது தெர்மல் இல்லை, சுவரில் முட்டி மேலெழும் கடற்காற்று.

கடலோர மலையில் இந்த இரண்டும் சேருகின்றன. நிலம் சூடேறியதும் கடற்காற்று உள்ளே வந்து சரிவில் முட்டி ஏறும், சூடான சரிவு அதை இன்னும் தூக்கும். ஆனால் காற்று பலமானால், மலையின் மறுபக்கத்தில் அதுவே சுழன்று கீழே விழும். அங்கே மாட்டினால் பாராகிளைடரின் துணி மடங்கிப்போகும். தம்பி தனியே பறக்கப் பழகப் போகிறாரென்றால், கடற்காற்று எத்தனை மணிக்குப் பலக்கும், எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதை அந்த ஊர் பைலட்டுகளிடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள்.