பர்ஸைக் கடிக்காத கூடைப்பந்து: அமெரிக்கப் பள்ளி, கல்லூரி ஆட்டங்கள் பற்றிய கேள்வி பதில்

நவம்பர் முதல் மார்ச் வரை சனிக்கிழமை மாலைகளில் நான் ஏதாவது ஒரு பள்ளி அல்லது கல்லூரி ஜிம்மில்தான் இருப்பேன். இது தெரிந்தவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: அண்ணா, நாங்கள் நாலு பேர். ஒருமுறை என்பிஏ (தொழில்முறை லீக்) ஆட்டத்துக்குப் போனதில் டிக்கெட், பார்க்கிங், பீட்சா என்று அந்த மாத பட்ஜெட்டே காலி. குறைந்த செலவில் உருப்படியான ஆட்டம் எங்கே பார்க்கலாம்?

உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஹைஸ்கூலில் தொடங்குங்கள். டிக்கெட் பெரும்பாலும் 5 முதல் 10 டாலருக்குள் முடிந்துவிடும். வண்டியைப் பள்ளி வளாகத்திலேயே நிறுத்தலாம். சின்னக் கல்லூரிகளில், குறிப்பாகக் கல்லூரி ஆட்டத்தின் கீழ் அடுக்கான மூன்றாம் டிவிஷனில், பல இடங்களில் டிக்கெட்டே கிடையாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதான். என்பிஏவில் மலிவான இடம் என்றால் உச்சியில் உட்கார்ந்து பெரிய திரையைத்தான் பார்ப்பீர்கள். இங்கே கோச் யாரைத் திட்டுகிறார், எதற்குத் திட்டுகிறார் என்பது வரை காதில் விழும். எனக்கு விலையைவிட அதுதான் பெரிய லாபம்.

கேள்வி: மூன்றாம் டிவிஷன் என்றால் சுமாரான ஆட்டம்தானே? அதைப் போய்ப் பார்ப்பானேன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கிடையாது. உயரம் குறைவு, தாவிப் போய்ப் பந்தை வளையத்துக்குள் திணிக்கும் டங்க்கும் குறைவு. அதனால் பந்தைக் கைமாற்றி, எதிராளியின் வழியை உடலால் மறித்து, ஆளை ஏமாற்றித்தான் புள்ளி எடுக்க வேண்டும். ஆட்டத்தைப் புரிந்துகொள்ள நினைப்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

அங்கிருந்து யாரும் மேலே வந்ததில்லை என்றும் நினைக்காதீர்கள். மயாமி ஹீட் அணிக்காக என்பிஏ இறுதிப்போட்டி வரை ஆடிய டங்கன் ராபின்சன், வில்லியம்ஸ் என்ற மூன்றாம் டிவிஷன் கல்லூரியில்தான் முதல் ஆண்டு ஆடினார். என்பிஏ நட்சத்திரம் டென்னிஸ் ராட்மன் வந்ததோ, இந்த டிவிஷன்களை நடத்தும் என்சிஏஏ என்ற அமைப்புக்கே வெளியே, என்ஏஐஏ என்ற அமைப்பில் இருந்த ஓக்லஹோமா கல்லூரி ஒன்றிலிருந்து. அயோவாவின் கிரின்னல் கல்லூரியில் 2012இல் ஜாக் டெய்லர் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளி எடுத்தார். அதுவும் மூன்றாம் டிவிஷன்தான். (எதிரணியை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.)

கேள்வி: எடிசன், நியூஜெர்சி. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் பெரிய ஆட்டங்களுக்கு விலை ஏறிவிடுகிறது. வேறு என்ன வழி?

கொடுத்துவைத்தவர் நீங்கள். மார்ச் மாதத் தேசியப் போட்டியில் நாட்டையே திகைக்க வைத்த மூன்று சின்ன அணிகள் உங்கள் மாநிலத்தில்தான் இருக்கின்றன. ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ் 2022இல் கென்டக்கியை வீழ்த்திக் கடைசி எட்டு வரை போனது. தன் பிரிவின் பதினாறு அணிகளில் 15ஆம் தரவரிசையில் இருந்த அணி ஒன்று அவ்வளவு தூரம் போனது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டே பிரின்ஸ்டன் அரிசோனாவைத் தோற்கடித்துக் கடைசி பதினாறுக்குள் வந்தது. அதே 2023இல் ஹாக்கன்சாக் பக்கத்து ஃபேர்லி டிக்கின்சன், தன் பிரிவில் முதல் தரவரிசையில் இருந்த பர்டூவைக் கவிழ்த்தது. மூன்றுமே முதல் டிவிஷன், ஆனால் சின்ன லீக் என்பதால் டிக்கெட் பெரிய செலவில்லை. பிரின்ஸ்டனின் ஜாட்வின் ஜிம் குழந்தைகளோடு போக வசதியானது.

கேள்வி: நாங்கள் சான் ஹோசே பக்கம்.

சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தின் லீவி சென்டருக்குப் போங்கள். என்பிஏ நட்சத்திரம் ஸ்டீவ் நாஷ் ஆடிய கல்லூரி அது. ஓக்லஹோமா சிட்டி 2025இல் என்பிஏ கோப்பை வென்றபோது முக்கியமாக ஆடிய ஜேலன் வில்லியம்ஸும் அங்கே படித்தவர்தான். புகழ்பெற்ற எதிரணி வரும் நாளில் மட்டும் கூட்டமும் விலையும் ஏறும். மற்ற நாளில் கவலையில்லை.

கேள்வி: அட்டவணையில் இருபது முப்பது ஆட்டம் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பெயரைப் பார்க்காதீர்கள், அன்றைக்கு எது பணயம் என்று பாருங்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் நவம்பரில் சின்ன அணிகளுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் ஊருக்கு வரவழைத்து ஆடும். டிக்கெட் மலிவுதான், ஆனால் பாதி நேரத்திலேயே முடிவு தெரிந்துவிடும். புகழ்பெற்ற அரங்கத்தை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் அது சரி. நல்ல ஆட்டத்துக்கு ஜனவரி, பிப்ரவரியில் வரும் லீக் ஆட்டங்களுக்குப் போங்கள். ஒன்றையொன்று நன்றாகத் தெரிந்த அணிகள் என்பதால் கடைசி நிமிடம் வரை இழுக்கும்.

ஹைஸ்கூல் என்றால் பக்கத்து ஊரோடு மோதும் நாள். இல்லாவிட்டால் சீனியர் நைட்: கடைசி ஆண்டு மாணவர்கள் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு களத்துக்கு வருவார்கள், அதற்கப்புறம் வெறியோடு ஆடுவார்கள். என் ஓட்டு இதற்குத்தான். பிப்ரவரி, மார்ச்சில் மாநிலப் போட்டி தொடங்கினால் தோற்ற அணிக்கு அன்றோடு சீசன் முடிந்தது. அந்தப் பதற்றத்தை 10 டாலருக்கு வேறெங்கும் வாங்க முடியாது.

கேள்வி: எங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கவில்லை. உள்ளே விடுவார்களா?

தாராளமாக. பொதுமக்களுக்குத்தான் டிக்கெட் விற்கிறார்கள். ஆனால் பல பள்ளிகள் இப்போது ரொக்கம் வாங்குவதில்லை. கோஃபேன் போன்ற ஆப்பில் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய பையைத் தவிர்த்துவிடுங்கள், சில இடங்களில் உள்ளிருப்பது தெரியும் பை மட்டும்தான் அனுமதி. வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்பதும் சகஜம். மாணவர்கள் கூட்டமாக நின்று கத்தும் பகுதியில் போய் உட்கார வேண்டாம். எந்தப் பக்கம் உள்ளூர், எந்தப் பக்கம் வெளியூர் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். நடுவரைத் திட்டவே கூடாது. களத்தில் ஆடுவது பதினாறு வயதுப் பிள்ளைகள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவர்களின் அம்மா அப்பா.

கேள்வி: என்பிஏ விதிகள்தானா?

கொஞ்சம் மாறும். ஹைஸ்கூல் பெரும்பாலான மாநிலங்களில் 8 நிமிடக் கால்பகுதி நான்கு. கல்லூரி ஆண்களுக்கு 20 நிமிடம் இரண்டு பாதி, பெண்களுக்கு 10 நிமிடக் கால்பகுதி நான்கு. ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே, என்பிஏவில் போல ஆறு இல்லை. ஷாட் கிளாக், அதாவது பந்து கையில் வந்ததும் கூடையை நோக்கி எறிய இருக்கும் கெடு, கல்லூரியில் 30 விநாடி. ஹைஸ்கூலில் அதை வைப்பதா வேண்டாமா என்று மாநிலமே முடிவு செய்யும். அது இல்லாத இடத்தில், முன்னணியில் இருக்கும் அணி பந்தைப் பிடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினால் எரிச்சல் வேண்டாம், விதிப்படி சரிதான்.

கேள்வி: ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்திருக்கிறார்கள். அவர்களையும் கூட்டிப் போகலாமா தம்பி?

கூட்டிப் போங்கள் அக்கா. ஆனால் ஹைஸ்கூல் பெஞ்சுகளுக்கு முதுகுச் சாய்மானம் இருக்காது, படி ஏறுவதும் சிரமம். சாய்மான நாற்காலி உள்ள கல்லூரி அரங்கில், சனி அல்லது ஞாயிறு மதியம் நடக்கும் பெண்கள் ஆட்டம் பொருத்தமாக இருக்கும். பல சின்னக் கல்லூரிகளில் அதைத் தொடர்ந்து ஆண்கள் ஆட்டமும் நடக்கும், ஒரே செலவில் இரண்டு. பெண்கள் ஆட்டம் எங்கும் மலிவு என்றும் இருந்துவிடாதீர்கள்: நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் ஆடிய கடைசி சீசனில் அயோவாவில் டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்திருந்தது.

கேள்வி: ஆட்டத்துக்காகவே பயணம் போகலாம் என்றால் எங்கே?

இந்தியானாபொலிஸின் ஹிங்கிள் ஃபீல்ட்ஹவுஸ் அரங்கம். 1928இல் திறந்தது, இன்றும் பட்லர் பல்கலைக்கழகம் ஆடுகிறது. மொத்தமே 161 மாணவர் படித்த மைலன் என்ற சிற்றூர்ப் பள்ளி 1954இல் மாநிலக் கோப்பையை வென்றது இந்தக் களத்தில்தான். ஃபிலடெல்ஃபியாவின் பலெஸ்ட்ரா அரங்கம் அதைவிட ஒரு வயது மூத்தது. ஹைஸ்கூல் ஆட்டம்தான் வேண்டும் என்றால் ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நீண்ட வார இறுதியில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் நடக்கும் ஹூப்ஹால் கிளாசிக் என்ற போட்டித்தொடர். 1891இல் நெய்ஸ்மித் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த அதே ஊர்.

கேள்வி: இந்த வாரமே போக வேண்டும். எப்படித் தேடுவது?

பள்ளி அல்லது கல்லூரியின் அத்லெடிக்ஸ் பக்கத்தில் அட்டவணை இருக்கும். எதிரணிப் பெயருக்கு முன் ‘அட்’ (at) என்று போட்டிருந்தால் வெளியூர் ஆட்டம், ஏமாந்து இங்கே போய் நிற்காதீர்கள். வார்சிட்டி எனப்படும் பள்ளியின் முதன்மை அணி ஆடும் நேரத்தைப் பாருங்கள். அதற்கு முன் ஜூனியர் அணி ஆடிக்கொண்டிருக்கும். பனி கொட்டிப் பள்ளிக்கு விடுமுறை விட்டால் ஆட்டமும் பெரும்பாலும் தள்ளிப்போகும், அதனால் கிளம்பும் முன் அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் பார்த்துவிடுங்கள்.