திகதி, நேரம் சம்பந்தப்பட்ட கோட் மாற்றத்தை ரிவியூ செய்யும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

நீங்கள் ஃபேர்ம்வெயர் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) வேலைக்குப் புதிது என்று நினைத்து எழுதுகிறேன். நான் முதலில் தேடுவது 19800 என்ற எண்ணை. இலங்கை நேரம் உலகப் பொது நேரமான யூடிசியைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னே. அதற்கு அவ்வளவு செக்கன்கள். அது சிப்போடு நேரடியாகப் பேசும் டிரைவர் கோடுக்குள் இருந்தால் அந்த மாற்றத்தை ஏற்கமாட்டேன்.

குளத்து நீர்மட்டம் பதியும் கருவி ஒன்றுக்காக வேலை செய்துகொண்டிருந்தோம். நேரத்தைக் கணக்கு வைக்கும் ஆர்டிசி சிப்பை வாசிக்கிற ஃபங்ஷனிலேயே 19800ஐக் கூட்டி ஒரு தம்பி அனுப்பியிருந்தார். சிப்பில் யூடிசி இருக்கட்டும், உள்ளூர் நேரம் திரையில் மட்டும் வரட்டும் என்று திருப்பி அனுப்பினேன். "இலங்கை முழுக்க எப்பவும் ஒரே நேரம்தானே அண்ணா, ஏன் இழுக்கிறீங்க?" என்றார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் படுவான்கரை ஆள், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். மின்சாரத் தட்டுப்பாடு என்று 1996 மே மாதம் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தது. மறுபடி ஐந்தரைக்கு வந்தது 2006 ஏப்ரல் 15இல். இயக்கத்தின் (விடுதலைப் புலிகளின்) கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் பக்கம் அவ்வளவு காலமும் பழைய நேரம்தான். வாவியைத் தாண்டி டவுனுக்குப் போனால் புது நேரம். கிளினிக் எட்டு மணிக்கு என்று யாராவது சொன்னால், "பழைய நேரமா, புது நேரமா?" என்று அம்மா கேட்காமல் விடமாட்டா.

எங்கள் கருவியின் அதே கோட், அரச நேரத்தில் எழுதிய 2005ஆம் ஆண்டுப் பதிவுகளையும் மாற்ற வேண்டியிருந்தது. அப்போது அரச நேரம் யூடிசியைவிட ஆறு மணித்தியாலம் முன்னே, ஆகவே அவற்றுக்குக் கழிக்கவேண்டியது 21600. கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே தள்ளியதால், 2006 ஏப்ரல் 15 அன்று நள்ளிரவு தாண்டிய 12:15 இரண்டு தரம் வந்தது. அதை டெஸ்டாக எழுதச் சொன்னேன். எழுதிப் பார்த்துவிட்டு, தம்பியே 19800ஐ எடுத்துவிட்டார்.

சின்னச் சிப்புக்கு உலக டைம்சோன் அட்டவணையை ஏற்றச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். இடமில்லை என்று எனக்கும் தெரியும். யூடிசியில் சேமிக்க எந்த அட்டவணையும் தேவையில்லை.

 

சரி, மற்றவை. நேரத்தை 1970இலிருந்து எண்ணிய செக்கன்களாகக் குறியுள்ள (சைன்ட்) 32 பிட்டில் வைத்தால், இலங்கை நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44:07க்கு அடுத்த செக்கன் 1901க்குப் போய்விடும். இடைவெளி அளக்கச் சுவர்க்கடிகார நேரத்தைக் கழிக்க விடாதீர்கள், பின்னே போகாமல் ஏறிக்கொண்டே போகும் மொனோடோனிக் கவுண்டரைக் கேளுங்கள். ஆர்டிசி பெரும்பாலும் தருவது பிசிடி (ஒவ்வொரு தசம இலக்கமும் தனித்தனி நாலு பிட்டில்) என்பதால் 0x59 என்றால் 59, 89 இல்லை. டெஸ்டில் 2000 பெப்ரவரி 29ஐயும், 29 இல்லாத 2100 பெப்ரவரியையும் சேருங்கள்.