டிக்கியில் இருக்கும் ஒல்லி ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு சென்னையிலிருந்து மதுரை வரை போகலாமா?

கூடாது. பஞ்சர் கடை வரைக்கும் போகலாம், அதற்குத்தான் அது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்று அதன் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். தூரத்துக்கும் அதே 80-ஐக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். "நான் 300 ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: ஓடும்தான், இல்லையென்று சொல்லவில்லை. மழை ரோட்டில் அவசரமாக பிரேக் அடிக்கும்போதுதான் அந்த டயரின் அகலம் தெரியும்.

எந்தச் சக்கரத்தில் போடுகிறீர்கள் என்பது முக்கியம். பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அளவில் உங்கள் டயர் 205/55ஆர்16, ஸ்டெப்னி டி125/80ஆர்16 என்றால் (முன்னால் உள்ள 'டி' தற்காலிகம் என்று அர்த்தம்), விட்டம் சுமார் 2.6 செ.மீ. குறைவு. மற்றது 100 சுற்று சுற்றினால் இது 104 சுற்றும். முன்சக்கரம் இழுக்கும் காரில் இதை முன்னால் மாட்டினால், நேர் ரோட்டிலும் டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) வளைவில் போவது போலவே வேலை செய்துகொண்டிருக்கும், சூடாகும். அதனால் முன்டயர் பஞ்சர் என்றால் கொஞ்சம் கூடுதல் வேலை: முதலில் பின்பக்கம் ஜாக்கி வைத்து, நல்ல சக்கரத்தைக் கழற்றிவிட்டு அங்கே ஸ்டெப்னி. காரை இறக்கியபின் முன்பக்கம் தூக்கி, அந்த நல்ல சக்கரத்தை அங்கே மாட்டுங்கள். பின்பக்கம் தூக்கும்போது ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் இருப்பதால் கைப்பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். கியரில் போட்டு முன்சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

நட்டுகளைத் தூக்கும் முன்பே கால் சுற்று தளர்த்திவிடுங்கள். மாட்டும்போது எதிரெதிராக முடுக்கி, கடைசி இறுக்கம் சக்கரம் தரையில் பட்டபின். 50 கிலோமீட்டர் போனதும் இன்னொரு முறை. டயர் பிரஷர் விளக்கு எரிந்தால் பதற வேண்டாம், ஸ்டெப்னியில் பெரும்பாலும் சென்சார் கிடையாது.

இதில் பலரும் கோட்டை விடுவது காத்தில். ஒல்லி டயர் எடையைத் தாங்குவதே அழுத்தத்தால், அதனால் பொதுவாக 60 பிஎஸ்ஐ கேட்கும், பக்கச்சுவரைப் பாருங்கள். மாதம் ஒரு பிஎஸ்ஐ இறங்கினால் வருடத்தில் 48. பங்க்கில் பழக்கதோஷத்தில் 33 வைத்துவிடுவார்கள், அதில் ஓட்டினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழியும். இலவசக் காத்து தரவேண்டியது பங்க்கின் கடமை. பாதி இடத்தில் "மெஷின் ரிப்பேர்" அட்டைதான் நிரந்தரமாகத் தொங்குகிறது. 60 வரை ஏற்றும் சின்ன பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடாத டயரும் வயதாகும். பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் டாட் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2315 என்றிருந்தால் 2015-இன் 23-வது வாரம். பத்து வருடமானால் ட்ரெட் புதுசாக இருந்தாலும் மாற்றுங்கள்.

முழு டயர் தராமல் ஒல்லியைக் கொடுத்து கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டுகிறவர்களுக்கு ஒன்று. 1904-இல் வேல்ஸின் லானெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவின் பெயரில் வந்த அந்த முதல் ஸ்டெப்னியே முழுச் சக்கரம் இல்லை, ஆரக்கால் இல்லாத ரிம்மில் காத்தடித்த டயர், அவ்வளவுதான். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்வ வைத்துச் சமாளிப்பார்கள்.

இன்னொன்று, கழற்றிய பெரிய சக்கரம் பல கார்களில் ஒல்லி ஸ்டெப்னி இருந்த குழியில் இறங்காது. ஐந்து பேர், நாலு பெட்டி என்று கிளம்பினால் அது யார் மடியில் என்று முன்பே பேசிவிடுங்கள்.