இறுதிச் சடங்கு ஏற்பாட்டுக்கு உடனே முன்பணம் கேட்கிறார்கள். பாதுகாப்பாக எப்படிச் செலுத்துவது?

நீங்கள் எழுதியதில் இரண்டு விவரங்கள் கண்ணில் பட்டன: மொத்தத் தொகையில் பாதியை இன்றிரவே அனுப்பச் சொல்கிறார்கள் என்பது ஒன்று, பணம் போக வேண்டிய கணக்கு ஒரு தனிநபரின் பெயரில் இருக்கிறது என்பது மற்றொன்று. முன்பணம் கேட்பது வழக்கம்தான். ஊர்தி, பெட்டி, ஆட்கள் என்று அவர்களும் கைக்காசைப் போட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். இரண்டாவது விவரத்துக்குச் சரியான விளக்கம் கிடைக்கும்வரை பணம் அனுப்பாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் தந்தை நள்ளிரவு கடந்து மருத்துவமனையில் காலமானார். உறவினர்களுக்கே நான் சொல்லி முடிக்காத நேரத்தில், தாழ்வாரத்தில் ஒருவர் என்னருகே வந்து நின்று, எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாக மிகுந்த பரிவோடு சொல்லி, ஒரு நிறுவனத்தின் அட்டையை நீட்டினார். இப்போதே முன்பணம் போட்டால்தான் காலையில் ஊர்தி உறுதி என்றார். பணம் அனுப்பும்போது கைப்பேசித் திரையில் வேறு யாருடைய பெயரோ தெரிந்தது. கேட்டதற்கு, முதலாளியின் மைத்துனருடைய கணக்கு என்றார். ரசீது கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் நின்ற என் சித்தப்பா, “அண்ணன் உள்ளே கிடக்கிறார், நீ இங்கே நின்று கணக்குப் பார்க்கிறாயா?” என்று கேட்டுவிட்டார். பாதித் தொகையை அனுப்பிவிட்டேன். போன பணத்தைக்கூட மறந்துவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் இன்னும் ஆறவில்லை.

காலையில் ஊர்தி வந்தது. கூடவே வந்த நிறுவனத்து மேலாளர், நான் அனுப்பியதில் மூன்றில் ஒரு பங்குதான் தங்களுக்கு வந்து சேர்ந்தது என்றும், இரவில் பேசியவர் தங்கள் ஊழியரே இல்லை, ஆள் பிடித்துத் தரும் தரகர் என்றும் சொன்னார். வாசலில் அத்தனை பேர் கூடி நிற்கையில் யாரோடு வாதாடுவது? அவர்களுக்கு வந்து சேராத தொகையை மறுபடியும் கொடுத்தேன். ஐந்தாம் நாள் வங்கிக்குப் போனபோது, நானே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம் என்பதால் திரும்பப் பெறுவது கடினம் என்றும், அன்றே புகார் கொடுத்திருந்தால் எடுக்கப்படுவதற்கு முன் அந்தக் கணக்கில் நிறுத்திவைக்க முயன்றிருக்கலாம் என்றும் சொன்னார்கள். கடன் அட்டையில் செலுத்தியிருந்தால், ஒப்புக்கொண்ட சேவை கிடைக்கவில்லை என்று அட்டை கொடுத்த வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருந்திருக்கும்.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு என் அத்தை இறந்தபோது பணப் பொறுப்பை என் அக்காவிடம் கொடுத்தோம். அழுதுகொண்டிருப்பவர் பணத்தைக் கையாளக் கூடாது என்பது அவள் கருத்து. கையில் கிடைத்த அட்டையிலிருந்த எண்ணை விட்டுவிட்டு, தானே தேடி எடுத்த அலுவலக எண்ணுக்கு அழைத்து, பேசியவர் உண்மையிலேயே அவர்களுடைய ஆள்தானா என்று முதலில் உறுதி செய்துகொண்டாள். பிறகு இறந்தவரின் பெயர், ஊர்தி, பெட்டி, ஆட்கள், மயானக் கட்டணம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகை, முன்பணத்தில் எவையெல்லாம் அடங்கும், மீதியை எப்போது கொடுக்க வேண்டும், நேரம் மாறினாலோ நாங்கள் வேறு ஏற்பாடு செய்தாலோ எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவற்றை எழுத்தில் வாங்கினாள். குறுஞ்செய்தியாக வந்தால் போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. மயானக் கட்டணத்தை அவர்கள் வழியாகக் கொடுக்காமல் நேரடியாகவே கட்டிவிட்டதால் முன்பணமும் குறைந்தது. எங்கள் வீட்டில் யாரும் எதிர்பாராதபடி, அந்த நிறுவனத்தார் இதற்கெல்லாம் முகம் சுளிக்கவே இல்லை.

துக்க வீட்டில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிலர் கேட்பார்கள். பத்து நிமிடம் போதும். விலையை விசாரிப்பது இறந்தவருக்குச் செய்யும் அவமரியாதை என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அமெரிக்காவில் 1984 முதலே இறுதிச் சடங்கு நிறுவனங்கள் தொலைபேசியில் கேட்பவருக்கும் விலையைச் சொல்லியாக வேண்டும், நேரில் வருபவருக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை போட்ட பட்டியலைக் கையில் கொடுத்தாக வேண்டும். பிரிட்டனில் 2021 முதல் ஒரே மாதிரியான விலைப்பட்டியலை வைத்திருப்பது கட்டாயம். அங்கெல்லாம் யாரும் தம் தந்தையை மதிக்காமல் இல்லை. நான் இந்தத் தொழிலையே குறை சொல்வதாகவும் எண்ண வேண்டாம்; எங்களுக்கு வந்த ஓட்டுநர் செய்த உதவியை என் உறவினர்களில் பாதிப்பேர் செய்யவில்லை.

ரசீதைப் பணம் கொடுத்தவர் பெயரிலேயே வாங்குங்கள். இறந்தவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து நியாயமான இறுதிச் சடங்குச் செலவை மற்றக் கடன்களுக்கு முன்பாகத் தீர்க்க வேண்டும் என்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்கின்றன; இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 320-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. பிற்பாடு உடன்பிறந்தவர்களோடு கணக்குப் பார்க்கும்போது உங்கள் கையில் இருக்கப்போவது அந்தத் தாள் ஒன்றுதான். அதேபோல, ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திடுகிறாரோ அவரிடம்தான் மீதித் தொகையைக் கேட்பார்கள் என்பதால், குடும்பத்தில் யார் எவ்வளவு தருவது என்பதைப் பேசிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இன்றிரவுக்கு நீங்கள் செய்ய வேண்டியது இது. நிறுவனத்தின் அலுவலக எண்ணைத் தேடி எடுத்து அழைத்து, அந்தத் தனிநபரின் பெயரைச் சொல்லி, இவர் கணக்குக்கு அனுப்பலாமா என்று கேளுங்கள். நிறுவனத்தின் பெயரிலேயே வேறு கணக்கு உண்டா என்றும் கேளுங்கள். உண்டு என்றால் அதற்கு மட்டும் அனுப்புங்கள். தனிநபர் கணக்குதான் என்று அவர்களே உறுதி சொன்னால், அதை எழுத்தில் அனுப்பச் சொல்லி, ஊர்திக்கான தொகையை மட்டும் முதலில் செலுத்துங்கள். ரசீதின் படம் வந்த பிறகு மற்றதைப் பற்றிப் பேசலாம். யாராவது “இப்போது போய் இதையா பார்ப்பது” என்று கேட்டால், கைப்பேசியை அவரிடமே கொடுத்து அவர் கணக்கிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள்.