பாதி வேகத்தில் சுற்றும் பிளாப்பி

வணக்கம் ஐயா,

என்னிடம் ஒரு அமிகா 4000 கணினி இருக்கிறது. அதன் ஹை டென்சிட்டி பிளாப்பி டிரைவ் நின்றுவிட்டது. பழைய பிசியிலிருந்து கழற்றிய 1.44 எம்பி டிரைவை மாட்டலாமா? 1.76 எம்பி தட்டுகளில் நான் வரைந்த படங்கள் இருக்கின்றன, அவை வேண்டும். இந்த டிரைவ் மட்டும் ஏன் கிடைப்பதே இல்லை?

கே.

அன்புள்ள கே.,

அப்படியே மாட்டினால் ஓடாது. சில இணைப்புகளை மாற்றினால் சாதாரண அடர்த்தியுள்ள 880 கேபி தட்டுகளைப் படிக்கும். உங்கள் 1.76 எம்பி தட்டுகளை அமிகாவில் அது படிக்காது. காரணம் அமிகாவின் பவுலா சிப்.

1985-இல் வந்த முதல் அமிகாவுக்காகச் செய்த சிப் அது. ஒலியையும் பிளாப்பியையும் அதுவே கவனிக்கிறது. பிளாப்பியிலிருந்து விநாடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் வாங்கும்படி அமைத்தது. ஹை டென்சிட்டி தட்டோ நிமிடத்துக்கு 300 சுற்றில் 5,00,000 பிட் கொட்டும். அமிகாவைச் செய்த கமடோர் நிறுவனம் சிப்பைத் தொடாமல் தட்டின் வேகத்தை 150 சுற்றாகக் குறைத்தது. சினான் நிறுவனம் செய்த டிரைவ், தட்டின் கூடுதல் ஓட்டையைக் கண்டதும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும்.

கேட்க எளிது, செய்வது கடினம். தட்டைப் படிக்கும் ஹெட்டில் எழும் மின்னழுத்தம் தட்டு நகரும் வேகத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் சிக்னலும் மெலிகிறது, அதைச் சிதையாமல் பெருக்கியாக வேண்டும். சுழலும் தட்டின் ஆற்றலோ கால்வாசியாகிறது. உரசலில் வரும் சிறு தடுமாற்றத்தை அது முன்போல விழுங்காது, பிட்டுகள் இடம் தவறி வரும். மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும். இப்படி இறங்கி ஓடும் டிரைவ் பிசிக்குத் தேவைப்படவில்லை, அதனால்தான் அபூர்வம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வேகமும் பாதி, பிட் வரவும் பாதி என்பதால் தட்டின் மேல் பதியும் அடர்த்தி பிசி தட்டில் உள்ளதேதான். கிராஸ்டாஸ் என்ற மென்பொருள் இருந்தால் பிசியின் 1.44 எம்பி தட்டை அமிகா படித்துவிடுவது இதனால்தான். அருமையான தீர்வு. ஆனாலும் 1992-இல் 4000-க்குப் புதிய கிராபிக்ஸ் சிப்புகள் கொடுத்தவர்கள் பவுலாவை அப்படியே விட்டது தவறு என்றே நினைக்கிறேன். அதை மாற்றியிருந்தால் சாதாரண டிரைவே போதும்.

சரி, உங்கள் படங்கள். அதே அடர்த்தி இங்கேயும் கைகொடுக்கும். பிசி டிரைவின் ஹெட்டுக்கு அந்தத் தட்டைப் படிப்பதில் சிரமமில்லை. பிசியின் கன்ட்ரோலருக்குத்தான் அமிகாவின் செக்டர் அமைப்பு புரியாது. கிரீஸ்வீசல் என்ற சிறு போர்டை யூஎஸ்பியில் இணைத்து, அதில் உங்கள் 1.44 எம்பி டிரைவை மாட்டுங்கள். காந்த மாற்றங்களை அப்படியே பதிந்துகொண்டு அமிகாவின் ஹை டென்சிட்டி வடிவமாகப் பிரித்துத் தரும். அதற்கு முன் டிரைவின் ஹெட்டைச் சுத்தம் செய்யுங்கள். தட்டுகளின் எழுத்துத் தடுப்புத் துளையைத் திறந்து வைத்துவிடுங்கள். முதலில் படங்கள் இல்லாத தட்டு ஒன்றைப் படித்துப் பாருங்கள். அப்புறம் மற்றவை.